யாரிடம் போய்க் கேட்பது? – அடையாறு பள்ளிகளும் பெற்றோரும்

சென்னையில் மாற்றுக் கல்வி என்று சொல்லப்படுவதன் சரித்திரம் ஸ்தாபகர்களின் சரித்திரமாகத்தான் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. ஆல்காட், அன்னி பெசன்ட், அருண்டேல், ருக்மிணி தேவி, மாண்டிசோரி, ஜே. கிருஷ்ணமூர்த்தி. இவர்கள் பேசியது சுருக்கெழுத்தில் எடுக்கப்பட்டு, தட்டச்சாகி, புத்தகமாகி நிற்கிறது. குழந்தையைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்குக் காகிதம் இல்லை. பெற்றோரின் அபிப்ராயம் வாசலோடு நிற்கவேண்டிய வம்பு என்ற எண்ணம் ஸ்தாபனங்களுக்கு மட்டுமில்லை, சரித்திரம் எழுதுகிறவர்களுக்கும் இருக்கிறது.

எனக்கு அது வம்பாகத் தோன்றவில்லை. அடையாறு ஸ்தாபனங்களில் சீடர்கள் பிரிந்துபோயிருக்கிறார்கள், எதிரெதிராகத் தேர்தலில் நின்றிருக்கிறார்கள், வேறு இடம் தேடி வேறு பெயரில் ஆரம்பித்திருக்கிறார்கள். ஆனால் சீடர்கள் விமர்சகர்கள் ஆவது அபூர்வம். தலைமை கைமாறுகிறபோது ‘இது அதே பள்ளிதானா’ என்று கேட்கிற அவசியம் பெற்றோருக்குத்தான் இருக்கிறது. ஏனென்றால் மற்றவர்கள் ஒரு தத்துவத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது இவர்கள் ஒரு குழந்தையைப் பணயம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரே குரலில் பேசாதது அவர்களுடைய கேள்வியைப் பலவீனமாக்கிவிடுவதில்லை.

ஒரே ஒரு தகப்பனின் அபிப்ராயம் மட்டும் முழுதாக நமக்குக் கிடைக்கிறது. அவர் கோர்ட்டுக்குப் போனதால்.

ஜிட்டு நாராயணய்யா மதனப்பள்ளிக்காரர். வருவாய்த் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பழைய தியசாபிஸ்ட். 1905-ல் மனைவி சஞ்சீவம்மா இறந்துபோனார். 1909 ஜனவரியில் பையன்களைக் கூட்டிக்கொண்டு அடையாறுக்கு வந்து சொசைட்டியில் ஒரு உதவிக் காரியதரிசி வேலையில் அமர்ந்தார். வீடு கிடைத்தது வளாகத்துக்கு வெளியே. பையன்கள் மயிலாப்பூரில் பென்னாத்தூர் சுப்பிரமணியம் ஹைஸ்கூலுக்கு, அதாவது நாம் பி.எஸ். ஹைஸ்கூல் என்று சொல்கிற அதே பள்ளிக்கு, நடந்துபோய்ப் படித்தார்கள். கிருஷ்ணமூர்த்திக்குப் பாடம் ஏறவில்லை. ஏறாததற்குப் பிரம்படி கிடைத்தது. அந்த வருஷமே அடையாறு கடற்கரையில் லெட்பீட்டர் இந்தப் பையனைப் பார்த்து, உலக குரு இவன் உடம்பில்தான் வரப்போகிறார் என்று முடிவு செய்தார். பிரம்படியைக் காரணம் காட்டிப் பையன்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தச் சொன்னதும் அவர்தான். தகப்பனார் தயங்கினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் உத்தியோகத்துக்கு வேறு வழி இல்லை என்பது வருவாய்த் துறையில் இருந்தவருக்குத் தெரியாதா? தயக்கத்தோடு ஒப்புக்கொண்டார்.

சென்னையின் ‘மாற்றுக் கல்வி’ வழக்கமான பள்ளியைக் கைவிட்ட முதல் தருணம் என்று ஏதாவது ஒன்றைக் காட்ட வேண்டுமென்றால் நான் இதைத்தான் காட்டுவேன். இதில் எல்லாமே இருக்கின்றன: மயிலாப்பூர்ப் பிரம்பு, அடையாறின் கனிவு, வேலை கிடைக்குமா என்று கவலைப்படும் தகப்பன். இல்லாதது தாயின் அபிப்ராயம் மட்டும்தான்.

1910 மார்ச் 6-ந் தேதி, இரண்டு பையன்களுக்கும் கார்டியனாக இருக்கும் அதிகாரத்தை அன்னி பெசன்ட்டுக்குக் கொடுத்து நாராயணய்யா கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷத்துக்குள் மனம் மாறியது. பெசன்ட்டின் மீது அவருக்கு அவநம்பிக்கை வந்ததென்பதைவிட, பெசன்ட் யாரை நம்பினாரோ அவர்மேல், அதாவது லெட்பீட்டர்மேல், வந்தது என்பதுதான் சரி. பையன்களுக்கு ஒழுக்கக் கேடான யோசனைகள் சொன்னதாகக் குற்றச்சாட்டு எழுந்து 1906-ல் சொசைட்டியை விட்டு விலகியவர் லெட்பீட்டர். ஆல்காட் 1907-ல் இறந்து பெசன்ட் தலைவரான பிறகு அவரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். ஆக, நாராயணய்யாவின் சண்டை தத்துவத்தோடு அல்ல, தலைமை மாறியதால் உள்ளே வந்த ஒரு ஆளோடு. இன்றைக்கு எந்தப் பள்ளி வாசலிலும் கேட்கக்கூடிய புகார்தான்.

1912-ல் செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் போடப்பட்ட வழக்கு ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. பெசன்ட் தானே வாதாடினார். நாராயணய்யாவின் பக்கம் நின்ற ஸி.பி. ராமஸ்வாமி ஐயர் சில வருஷங்களில் ஹோம்ரூல் இயக்கத்தில் அதே பெசன்ட்டின் வலதுகையானது வேறு கதை. மைலாப்பூர் வக்கீல்களுக்கு இதெல்லாம் சகஜம். 1913 ஏப்ரலில் ஜஸ்டிஸ் பேக்வெல், குறிப்பிட்ட நடத்தை பற்றிய குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை என்றார். ஆனால் லெட்பீட்டரே ஒப்புக்கொண்ட கருத்துகள் அவரைப் பையன்களுக்கு ஆசிரியராக இருக்கத் தகுதியற்றவராக்குகின்றன என்றும் சொல்லி, தகப்பனாரிடம் பிள்ளைகளை ஒப்படைக்கச் சொன்னார். அப்பீலிலும் பெசன்ட் தோற்றார். 1914 மே மாதத்தில் ப்ரிவி கவுன்சில் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. பையன்கள் இருப்பது இங்கிலாந்தில், செங்கல்பட்டு ஜில்லாவில் அல்ல. அவர்களுடைய விருப்பம் என்னவென்று யாரும் கேட்கவில்லை. எனவே வழக்கே செல்லாது.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. தகப்பன் பிள்ளையின் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தாலும் அந்த ஒப்படைப்பு, தன் இயல்பிலேயே, திரும்பப் பெறக்கூடியது. பிள்ளையின் நலனுக்குக் கெடுதி வருமென்றால் மட்டும் கோர்ட் குறுக்கிடலாம். இந்தியக் கார்டியன்ஷிப் சட்டத்தில் இந்த வழக்கை மேற்கோள் காட்டுவது இதற்காகத்தான். வழக்கில் தோற்ற தகப்பன் சட்டத்தில் ஜெயித்திருக்கிறார். கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி எழுதப்பட்ட பெரும்பாலான பக்கங்களில் நாராயணய்யா ஒரு இடைஞ்சலாக, பழமைவாதியாக, யாரோ தூண்டிவிட்ட கிழவராக வந்துபோகிறார். ஆனால் அடையாறின் பள்ளிச் சரித்திரத்தில் ‘உங்களிடம் கொடுத்தேன், திரும்ப வேண்டும்’ என்று சொன்ன முதல் ஆள் அவர்.

அவர் புனிதர் என்று சொல்ல வரவில்லை. பிறகு ஒரு நாள், பல வருஷம் கழித்து இந்தியா திரும்பிய இரண்டு பிள்ளைகளும் அவர் காலில் விழுந்தபோது நடந்தது பற்றி இரண்டு கதைகள் உலவுகின்றன. கடல் கடந்து ஜாதி இழந்தவர்கள் தொட்டுவிட்டார்கள் என்று எழுந்துபோய்க் காலைக் கழுவிக்கொண்டார் என்பது ஒன்று. கண்ணீரில் பேச்சே வரவில்லை, எழுந்து போனது வேறு காரியத்துக்கு என்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும்.

ஜாதி என்ற சொல் வந்துவிட்டது. நாராயணய்யா பேசவாவது முடிந்தது. பேச இடமே இல்லாத பெற்றோர் அதே அடையாறில் இருந்தார்கள். ஆல்காட் 1894-ல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்காக அடையாறில் ஒரு இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் காலத்துக்குள் அது ஐந்து பள்ளிகளாயிற்று. ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். அயோத்திதாச பண்டிதர் ஆல்காட்டுடன் 1898-ல் கொழும்புக்குப் போனதும் இந்த உறவின் தொடர்ச்சிதான். ஆல்காட்டுக்குப் பின் வந்த தலைவர் 1909 பிப்ரவரியில் ‘இந்தியன் ரிவ்யூ’வில் ஒரு கட்டுரை எழுதினார். ஒடுக்கப்பட்ட ஜாதிக் குழந்தைகளுக்குத் தனியாகக் கல்வி கொடுக்கவேண்டும், மேல்ஜாதிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் நெருங்கி உட்கார அவர்கள் உடம்பு தகுதிபெறத் தலைமுறைகள் ஆகும் என்பது அதன் சாரம். இந்தக் கட்டுரையைப் பிற்பாடு அம்பேத்கர் எடுத்து நீளமாக மேற்கோள் காட்டினார். தலைமை மாற்றம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான உதாரணம் எனக்குத் தெரியாது. பள்ளி அதே இடத்தில், அதே பெயரில் இருக்கிறது. அதன் மேலே இருப்பவர் குழந்தையைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. ஊரூர்ப் பக்கத்திலிருந்து பிள்ளையை அனுப்பிய தாய்க்கு ‘இந்தியன் ரிவ்யூ’ படிக்க வாய்ப்பில்லை. படித்திருந்தாலும் கேஸ் போட செங்கல்பட்டு கோர்ட் அவளுக்குத் திறந்திருக்காது. கடற்கரையில் ஒரு பையனின் உடம்பில் உலக குருவைக் கண்டதும் அதே 1909-ல்தான்.

இடையில் வரும் காலத்தை வேகமாகக் கடக்கலாம், அது நிறையவே எழுதப்பட்டுவிட்டது. பெசன்ட் 1933-ல் மறைந்தார். மறு வருஷம் தலைவரான அருண்டேல் அவர் பெயரில் பள்ளி தொடங்கினார்; சங்கர மேனன் அதை நடத்தினார். 1936-ல் கலாக்ஷேத்ரா. சதிர் என்று ஒதுக்கப்பட்டிருந்ததைக் கற்றுக்கொள்ளத் தங்கள் பெண்களை அனுப்பிய மயிலாப்பூர் பிராமணப் பெற்றோரைப் பற்றி யாராவது எழுதவேண்டும். நாட்டியத்தின் பெருமை எழுதப்பட்ட அளவில் நூறில் ஒரு பங்குகூட அந்த வீடுகளில் நடந்திருக்கக்கூடிய சச்சரவு எழுதப்படவில்லை. 1939 நவம்பரில் மாண்டிசோரி வந்தார். ஓலைக் கொட்டகைகளில் சுமார் முந்நூறு பேருக்குப் பயிற்சி. 1940-ல் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் அவர் மகன் மரியோவை அகமத்நகரில் காவலில் வைத்தார்கள். தாயின் எழுபதாவது பிறந்தநாளுக்கு விடுதலை செய்தார்கள். குழந்தையின் சுதந்திரத்தைப் பற்றி உலகத்துக்குச் சொன்ன தாயும் தன் பிள்ளைக்காக ஒரு சர்க்காரின் தயவை எதிர்பார்த்து அடையாறு மரத்தடியில் காத்திருந்த பெற்றோர்தான்.

அடையாறு மட்டும்தான் என்றும் இல்லை. மயிலாப்பூரில் 1937-ல் வி.என். சர்மாவும் அவர் மனைவி, ஜெர்மானியரான எல்லன் சர்மாவும் சில்ட்ரன்ஸ் கார்டன் பள்ளியைத் தொடங்கினார்கள். 1956-ல் மயிலாப்பூர் லேடீஸ் கிளப் வித்யா மந்திரைத் தொடங்கியது. ஆனால் ஒரு கிளப் நடத்தும் பள்ளியில் தலைமை மாற்றம் வேறு விதம். அங்கே கமிட்டி உண்டு. கமிட்டியில் தெரிந்தவர் உண்டு. மாமி மூலமாகச் சொல்லியனுப்பலாம். அடையாறில் இருந்தது கமிட்டி அல்ல, சன்னிதானம்.

அருண்டேல் 1945-ல் இறந்தபின் சொசைட்டியின் தலைமை ருக்மிணி தேவியின் கைக்கு வரவில்லை. கலாக்ஷேத்ரா தனக்கென்று திருவான்மியூரில் நிலம் தேடி 1962-ல் அங்கே போய்ச் சேர்ந்தது. அவருடைய பள்ளிகளும் இப்போது அந்த வளாகத்தில்தான். 1980-ல் சொசைட்டியின் தலைமைக்கு அத்தையும் மருமகளும் போட்டியிட்டார்கள். ராதா பர்னியர் ருக்மிணி தேவியின் அண்ணன் ஸ்ரீராமின் மகள், கலாக்ஷேத்ராவின் முதல் மாணவிகளில் ஒருவர். (ழான் ரெனுவாரின் ‘தி ரிவர்’ படத்தில் ஆடுவது இவர்தான். சினிமா பார்க்கிற நண்பர்களுக்கு இந்தத் தகவல் தியசாபியைவிட முக்கியமாக இருக்கும்.) ராதா ஜெயித்தார். அந்த வருஷக் கடைசியில் கிருஷ்ணமூர்த்தி, பெசன்ட் இறந்த காலத்துக்குப் பின் முதல்முறையாக, சொசைட்டியின் வாசல் வழியே உள்ளே நடந்துபோனார். அதற்குள் அவர் பெயரில் இயங்கும் ஃபவுண்டேஷன் சென்னையில் ‘தி ஸ்கூல்’ என்ற பள்ளியை 1973-ல் தொடங்கிவிட்டிருந்தது. பல வருஷங்கள் அது நடந்தது சொசைட்டிக்குச் சொந்தமான தாமோதர் கார்டன்ஸில். பி.எஸ். ஹைஸ்கூலில் அடிவாங்கிய பையன், பிரம்பும் பரிசும் ரேங்க்கும் இல்லாத ஒரு பள்ளியை, தன்னைக் கண்டெடுத்தவர்களின் தோட்டத்திலேயே நடத்தும்படி ஆயிற்று.

பிறகு 1986 பிப்ரவரி. 17-ந் தேதி ஒஹாயில் கிருஷ்ணமூர்த்தி. 24-ந் தேதி சென்னையில் ருக்மிணி தேவி. ஒரே வாரத்துக்குள் அடையாற்றங்கரையின் இரண்டு கல்வி முயற்சிகளும் ஆளை இழந்தன. ஆறு வாரத்துக்கு முன்தான், ஜனவரி 4-ந் தேதி, வசந்த விஹாரில் மரத்தடியில் கிருஷ்ணமூர்த்தி தன் கடைசிச் சொற்பொழிவை நிகழ்த்தியிருந்தார்.

இரண்டு இழப்பும் ஒன்றல்ல. கலாக்ஷேத்ராவில் சங்கர மேனன் இருந்தார். பிறகு வாரிசுக் கேள்வி தீராமல் 1993-ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனம் ஆக்கியது. தாகூருக்குப் பின் சாந்திநிகேதனுக்கு 1951-ல் நடந்ததுதான் இதுவும். ஆள் போன இடத்தில் சர்க்கார் வந்து உட்கார்ந்தது. கிருஷ்ணமூர்த்தியோ தனக்கு வாரிசு கிடையாது, தன் சார்பில் விளக்கம் சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனவர். 1929-ல் தனக்காகக் கட்டப்பட்ட இயக்கத்தையே கலைத்தவர் வேறு எதைச் சொல்லியிருப்பார்? தத்துவமாக இதை மறுக்க எனக்கு எதுவுமில்லை. ஆனால் பள்ளிக்கூடம் என்பது தத்துவம் மட்டுமல்ல. திங்கட்கிழமை காலை மணி அடிக்கவேண்டும். ஒரு டீச்சர் சரியில்லை என்றால் ஒருவர் முடிவெடுக்கவேண்டும். அதிகாரமே இல்லை என்று சொல்லுகிற இடத்தில் அதிகாரம் இல்லாமல் போவதில்லை. அதற்கு முகவரி இல்லாமல் போகிறது. பெற்றோரின் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. யாரிடம் போய்க் கேட்பது?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. என் மகள் படித்த பள்ளியில், அதன் பெயர் இங்கே வேண்டாம், அடையாறுமல்ல, தொடங்கியவர் விலகி இன்னொருவர் வந்தார். அறிவிப்பு ஒரு பக்கச் சுற்றறிக்கையாக வந்தது. ஒரு சனிக்கிழமை பெற்றோரைக் கூப்பிட்டுத் தரையில் ஜமக்காளம் விரித்து வட்டமாக உட்காரவைத்துப் பேசினார்கள். வட்டம் என்பது சமத்துவத்தின் வடிவம் என்று நம்புகிறவர்கள் அதில் ஒருமுறை உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்டுப் பார்க்கவேண்டும். எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள். நாற்காலி வரிசையில் பின்னால் இருந்து கேட்பது எவ்வளவோ சுலபம்.

அந்த வட்டத்தில் பிளவு நான் நினைத்த இடத்தில் விழவில்லை. பழைய முதல்வரை நம்பி வந்தவர்கள் ஒரு பக்கம், பரீட்சையில் மார்க் வேண்டும் என்பவர்கள் மறுபக்கம் என்றுதான் எதிர்பார்த்தேன். தி. நகரிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு தகப்பனார், கடை வைத்திருப்பவர், ரொம்பச் சாந்தமாகச் சொன்னார்: பழைய அம்மா இருந்தபோதும் மார்க் வரவில்லை, அது பரவாயில்லை, ஆனால் அவரிடம் நான் கேட்டால் ஏன் என்று சொல்வார், இப்போது பள்ளியின் தத்துவத்தைப் படித்துக் காட்டுகிறார்கள். பக்கத்தில் இருந்த ஒரு தாய், கல்லூரி ஆசிரியை, புதியவரை ஆதரித்தார். பழையவர் இருந்தவரை எதுவும் எழுத்தில் இல்லை, எல்லாம் அவர் முகம் பார்த்துத்தான், தன் பையனுக்கு ஒரு நாள் சலுகை ஒரு நாள் கோபம், இனிமேலாவது விதி என்று ஒன்று இருக்கட்டும் என்றார். வேறு பள்ளியின் பிரம்புக்கும் ட்யூஷனுக்கும் பயந்து வந்தவர்கள் எதுவும் பேசவில்லை. அவர்களுக்குத் திரும்பிப்போக இடம் இல்லை. எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். இப்படிப்பட்ட பள்ளிகளுடைய பலம் பெரிதும் பக்கத்துப் பள்ளிகளின் கொடுமையிலிருந்து வருகிறது. இதை யாரும் விளம்பரத்தில் போடமாட்டார்கள்.

வீட்டில் என் மனைவியும் நானும் எதிரெதிர்க் கட்சி. அவள் கடைக்காரர் பக்கம், நான் ஆசிரியை பக்கம். ஒரு ஆளின் அன்பை நம்பி நடக்கிற ஸ்தாபனம் அந்த ஆளோடு முடிந்துபோவதே நேர்மை என்பது அவள் வாதம். அன்பை விதியாக எழுதிவைத்தால் அது வேறு ஏதோவாகிவிடும் என்றாள். இங்கிலாந்தில் ஸம்மர்ஹில் இல்லையா என்று நான் கேட்டேன். ஏ.எஸ். நீல் 1973-ல் செத்தார். மனைவி நடத்தினார், பிறகு மகள் நடத்தினார். 1999-ல் சர்க்கார் மூடப் பார்த்தபோது பிள்ளைகளே போய் வாதாடிக் காப்பாற்றினார்களே என்றேன். அது குடும்பச் சொத்து, அதனால் தப்பித்தது என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். எங்கள் மகள் பள்ளிப்படிப்பை முடித்து எவ்வளவோ வருஷமாகிவிட்டது. இந்த வாதம் முடியவில்லை.

அந்தக் கூட்டத்தில் பேசப்பட்டது எதுவும் எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அந்தப் பள்ளியின் சரித்திரத்தை நாளைக்கு யாராவது எழுதினால் ‘சுமுகமான மாற்றம்’ என்று ஒரு வரி வரும்.

கிருஷ்ணமூர்த்தி பள்ளியும் தாமோதர் கார்டன்ஸை விட்டு, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய தாழம்பூருக்குப் போய்விட்டது. தோட்டம் சொசைட்டியினுடையது, நிலம் யாருடையதோ முடிவும் அவர்களுடையது. அடையாறில் ஒவ்வொரு கல்வித் தத்துவமும் கடைசியில் ஒரு குத்தகைப் பத்திரத்தில் வந்து நிற்கிறது. ஆலமரமும் ஆற்றுக் காற்றும் பாடத்திட்டத்தின் பகுதி என்று எண்ணிப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கும், மரம் எங்கே வேண்டுமானாலும் வளரும், டீச்சர் முக்கியம் என்கிற பெற்றோருக்கும் இடம் மாறுவது ஒரே செய்தி அல்ல. மயிலாப்பூரிலிருந்து தாழம்பூர் எவ்வளவு தூரம் என்பது மூன்றாவது அபிப்ராயம். அதைச் சொல்ல எந்தத் தத்துவமும் வேண்டாம்.

ஆல்காட் பள்ளி மட்டும் அடையாறை விட்டு எங்கும் போகவில்லை. 1894-லிருந்து அதற்கு மேலே எத்தனை தலைவர்கள் மாறினார்கள் என்பதை எண்ணிச் சொல்லிவிடலாம், பெயர்ப் பட்டியல் இருக்கிறது. அங்கே பிள்ளையை அனுப்பியவர்களில் ஒருவருடைய கடிதம்கூட நான் இதுவரை அச்சில் பார்த்ததில்லை.